மாவுக்காரருக்கு ஒரு படகு மத்தி

என் தங்கை வீட்டில் கதவுக் கீல்களுக்கு ஊற்றிய எண்ணெயில் பாதிகூட அடுப்படிக்குப் போனதில்லை. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் கதவுகளைத் திறந்து பார்க்கலாம். திறந்தது தெரியாது. உள்ளே போய் நின்ற பிறகுதான் திறந்திருக்கிறோம் என்பதே புரியும்.

காரணம் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர். பெரிய ரொட்டி ஆலை ஒன்றில் அவருக்கு இரவு வேலை. மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இருட்டும்போது போவார், விடியும்போது புருவமெல்லாம் மாவோடு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் தங்கை கைதவறி ஒரு தட்டைப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அன்றோடு அந்த வீட்டுக்குள் சத்தம் என்கிற சாமான் வருவது நின்றுபோயிற்று.

பிள்ளைகள் மூவரும் நடை பழகியதே நுனிக்காலில்தான். குதிகால் என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடம் போன பிறகு மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்பதை என் தங்கை அதன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அடுப்பை அணைத்துவிடுவாள். தும்மல் வந்தால் விழுங்குவாள். விழுங்கிய தும்மல் எங்கே போகும் என்று கேட்காதீர்கள். காதுத் தொங்கட்டான் இரண்டும் கொஞ்ச நேரம் ஆடும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வீட்டு நாய் வாயை மட்டும் திறந்து மூடிக் குரைக்கும். ஒருமுறை பட்டப்பகலில் திருடன் ஒருவன் பின்வாசல் வழியாக நுழைந்தான். உள்ளே ஒரு கும்பல் நுனிக்காலில் நடந்து, மூச்சுக் காட்டாமல் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. தனக்கு முன்பே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, தொழில் மரியாதையோடு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டான்.

வாய்க்கு வேலை இல்லாத வீட்டில் மற்ற உறுப்புகள் கூடுதல் நேரம் வேலை பார்க்கும். புருவம் ஏறினால் 'சாப்பிட்டாயா'. மூக்கைத் தொட்டால் 'பால் பொங்குது'. காதைத் தடவினால் 'சரி'. கையை உயர்த்தி விரல்களை மெல்ல மடக்கினால் 'போதும், அடங்கு, இறங்கு'. அலமாரி மேல் ஏறி நின்ற பிள்ளையை அந்தக் கை ஒன்றுதான் இறக்கும். பிள்ளைகள் சண்டை போட்டால் தெருவில் போகிறவர்களுக்கு சன்னல் வழியாக நடனம் போலத் தெரியும். நடன ஆசிரியை ஒருவர் வந்து, யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் என்ன ஆவார்கள்? மூத்தவன் அருங்காட்சியகத்தில் காவலாளி ஆனான். அவன் நிற்கும் கூடத்தில் சிலைகளை எண்ணுகிறவர்கள் அவனையும் சேர்த்தே எண்ணினார்கள். அடுத்தவள் பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸ். அழுகிற குழந்தை அவள் முகத்தைப் பார்த்ததும், தப்பான வீட்டில் சத்தம் போட்டுவிட்டது போல வெட்கப்பட்டு நிறுத்திவிடும். கடைசிப் பெண்ணை நாங்கள் பஞ்சு என்போம். அவள் பின்னால் வந்து நின்றால் நிழல் விழுந்தால்தான் தெரியும். மேகமூட்டமான நாட்களில் அதுவும் தெரியாது.

மாப்பிள்ளை பஞ்சுவுக்கும் ஒரு வேலைக்கு வழி பார்த்துவிட்டார். அருங்காட்சியகத்தில் அண்ணன் நிற்கும் கூடத்துக்கு அடுத்த கூடத்தில் ஒரு நாற்காலி காலியாம். தான் விழித்திருக்கிற கொஞ்ச நேரத்திலேயே எல்லாரையும் பார்த்துப் பேசி முடித்திருந்தார்.

"அதுக்கு வாயே கிடையாது. அங்க போய் உட்காரட்டும். சிலைங்க எதுவும் கேக்காது, இதுவும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார்.

திங்கட்கிழமை சேர வேண்டும். பஞ்சு காதைத் தடவினாள். ஆனால் தடவிய கை காதிலேயே வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன்.

நான் அந்த வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். என் குறட்டையின் காரணமாகப் பகலில் தூங்க எனக்கு அனுமதி இல்லை. துறைமுகத்து மீன் சந்தையில் தராசு பிடிப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே பஞ்சுதான் எனக்கு விடியற்காலையில் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து தருவாள். தந்ததும் திரும்பிப் போக மாட்டாள். பனிக்கட்டிப் பெட்டி மேல் உட்கார்ந்து ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்காலி ஏற்பாடான அன்று மாலை என் அறைக்கு வந்தாள். வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நான் திரும்பியபோது அங்கே இருந்தாள்.

"மாமா, சந்தையில ஏலம் கூறுற வேலை காலியாமே?"

வாய் திறந்து முழுசாக ஒரு வாக்கியம் அவள் பேசியதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. சுதாரித்துக்கொண்டு, காலிதான் என்றேன். ஏலம் கூறிவந்தவரை ஊரில் பெரிய சங்கு என்பார்கள், அவருக்குக் குரல் தீர்ந்துவிட்டது. ஒரு மழைநாளில் இடி குறுக்கே பேசியது என்று அதோடு போட்டி போட்டார். இடி ஓய்ந்தபோது இவர் தொண்டையிலும் ஒன்றும் மிச்சமில்லை. அவர் மகன் சின்னச் சங்குக்குத்தான் அந்த வேலை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் 'உப்பை எடு' என்றால் அடுத்த தெருவில் யாராவது உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் வீடு அது. கேட்பதற்கு ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை.

"உனக்கு அங்க என்னம்மா வேலை? அங்க கத்தணும்" என்றேன்.

"கத்துறதுக்கு அவன் இருக்கான் மாமா. பார்க்கிறதுக்கு யாரு இருக்கா?"

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எங்கள் சந்தையில் வாங்குகிறவர்கள் வாய் திறந்து விலை கேட்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவன் தெரிந்துகொண்டு மேலே ஏற்றிவிடுவான் என்ற பயம். ஒருவர் சட்டைப் பொத்தானைத் திருகுவார், ஒருவர் பல் குத்துவார், இன்னொருவர் செருப்புக்குள் கட்டைவிரலை அசைப்பார். கையை உயர்த்தி விரல்களை மடக்கினால் 'குவியல் மொத்தமும் எனக்கே' என்று அர்த்தம். இதை எல்லாம் கவனித்துக்கொண்டே 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூற வேண்டும். மூன்று தரம் சொல்லிவிட்டால் சரக்கு திரும்பாது. திரும்பினால், கூறியவர் தான் ஏறி நிற்கும் மரப்பெட்டியிலிருந்து இறங்கிவிட வேண்டும். பிறகு எந்தக் காலத்திலும் ஏற முடியாது.

நான் சந்தைத் தலைவரிடம் சொன்னேன். அவர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, சனிக்கிழமை காலை இரண்டு பேரையும் பெட்டியில் ஏற்றிப் பார்ப்பதாகவும், தேறாவிட்டால் பெண் மனசு நோகக் கூடாது என்றும் சொன்னார். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அவரை எழுப்ப வேண்டும். அந்த வீட்டில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது. தங்கையிடம் மட்டும் பஞ்சு புருவத்தால் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியது. சம்மதமா மறுப்பா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சனிக்கிழமை விடியுமுன், கணவர் ஆலையிலிருந்து கிளம்பும் முன்பே, நல்ல புடவை கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள்.

முதலில் சின்னச் சங்கு ஏறினான். நல்ல பையன், அவன்மேல் குறை சொல்ல மாட்டேன். "இறால்" என்று அவன் ஆரம்பித்ததுமே கூடையில் இருந்த இறால்கள் விறைத்து நின்றன. துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதில் ஊதியது. ஆனால் கத்தும்போது அவனுக்குக் கண் மூடிக்கொள்ளும். அவர்கள் வீட்டில் கத்துவதற்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை. பொத்தான்காரர் திருகித் திருகிப் பொத்தானே கையோடு வந்துவிட்டது, இவன் பார்க்கவில்லை. பல்குத்துபவர் ஈறிலிருந்து ரத்தம் வரும்வரை குத்திப் பார்த்தார். கடைசியில், கிளம்பி வீட்டுக்கே போய்விட்ட ஒருவருக்கு இறால் மொத்தத்தையும் மூன்று தரம் சொல்லி முடித்தான். அவரைத் தேடிப் போன ஆள் வெகுநேரம் கழித்து வந்து, அவர் கடனே என்று ஒத்துக்கொண்டதாகச் சொன்னான்.

பிறகு பஞ்சு ஏறினாள்.

ஏறினாள், நின்றாள், வாயைத் திறந்தாள். எதுவும் கேட்கவில்லை. சந்தை அதுபாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவர், "பொண்ணு கொட்டாவி விடுது, பாவம் சீக்கிரம் எழுந்திருக்கும்" என்றார். சிரித்தார்கள். என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். தராசு ஒரு பக்கம் சாய்ந்தது.

பஞ்சு குரலை உயர்த்தவில்லை. பொத்தான்காரர் முகத்தைப் பார்த்தபடி, வீட்டில் பேசுகிற குரலிலேயே சரக்கைக் கூறினாள். அவருக்கு மட்டும் ஏதோ சொல்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். அவர் ஏன் நிறுத்தினார் என்று அடுத்தவர் நிறுத்தினார். வியாபாரிகளுக்கு அடுத்தவன் காதில் விழுந்தது தன் காதில் விழாமல் போவதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டி உடைப்பவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். படகுக்காரர்கள் மோட்டாரை அணைத்தார்கள். கூடைக்குள் நண்டு கால் மாற்றி நிற்கும் ஓசை கேட்டது. சந்தை தோன்றிய நாளிலிருந்து அப்படி ஓர் அமைதி அங்கே வந்ததில்லை. பழகாத கடற்காகங்கள் பயந்து பறந்துபோயின.

அதற்கப்புறம் அவள் கண்ணிலிருந்து ஒருவரும் தப்பவில்லை. பொத்தான், பல்குச்சி எல்லாவற்றையும் பிடித்தாள். செருப்புக்குள் அசைந்த கட்டைவிரலைத் தோலின் மேடு பார்த்தே பிடித்தாள். மூக்கு அரித்துச் சொறிந்த ஒருவருக்கு ஒரு கூடை நண்டு போயிற்று; அவர் மறுத்துப் பேச வாயெடுத்தார், அந்த அமைதியில் தன் குரலைக் கேட்கப் பயந்து வாங்கிக்கொண்டார். தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசிச் சரக்கு மத்தி மீன். ஒரு படகு நிறைய, மலைபோல் குவிந்து கிடந்தது. பஞ்சு ஆரம்பித்தாள். அப்போதுதான் வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார்.

தினமும் அந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போவார், ஆனால் உள்ளே வந்ததில்லை. அன்றைக்குச் சந்தையின் இரைச்சல் திடீரென்று நின்றதும் ஏதோ விபத்து என்று பதறி ஓடிவந்திருக்கிறார். புருவத்தில் மாவு, தோளில் மாவு. எட்டிப் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவில் உயரமான பெட்டிமேல், வாயே இல்லாத தன் மகள்.

பேய் அறைந்தவர் போல நின்றார். பிறகு, அலமாரி மேல் ஏறின பிள்ளையைப் பார்த்து இத்தனை வருஷமாக என்ன செய்வாரோ அதையே அவர் கை தானாகச் செய்தது. உயர்ந்தது. விரல்கள் மெல்ல மடங்கின.

சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கூட்டம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

பஞ்சுவும் பார்த்தாள். அந்தக் கைக்கு இரண்டு அர்த்தமும் தெரிந்தவர்கள் அங்கே நாங்கள் மூன்று பேர்தான். என் தங்கை தும்மலை விழுங்குவது போல எதையோ விழுங்கினாள். இறங்குவதாக இருந்தால் பஞ்சு அப்போதே இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்து இறங்காமல் இருந்தது அவள் வாழ்நாளில் கிடையாது. ஒரு கால் பெட்டியின் விளிம்புக்கு வந்துவிட்டது. பிறகு அதை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மாவுக்காரர் கேட்கிறார்" என்றாள். "ஒரு தரம்."

மாப்பிள்ளை கையை இன்னும் இறக்கவில்லை. இறக்க மறந்துவிட்டார்.

"இரண்டு தரம்."

இப்போது அவர் மற்றக் கையையும் தூக்கி ஆட்டினார். வேண்டாம் என்றுதான். இரண்டு கையாலும் கேட்கிறார், ரொம்ப ஆசை போலிருக்கிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மூன்று தரம். மத்தி மொத்தமும் மாவுக்காரருக்கு."

தலைவர் எழுந்து வந்தார். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐயா, நீங்க மீன் வியாபாரம் பண்றவரா? சும்மா கையைத் தூக்கினீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. சரக்கைத் திருப்பிக்கலாம். பொண்ணு இறங்கிடும், அவ்வளவுதான்."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். வீட்டில் பகல் நடுவில் அவர் கண் விழித்துவிட்டால் 'மன்னிச்சுக்கோங்க, தூங்குங்க' என்று நெஞ்சில் கை வைத்து ஒரு சைகை செய்வார்கள். பஞ்சு அதைச் செய்யவில்லை. எந்த வியாபாரியையும் பார்ப்பது போல அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கை மட்டும் பாவாடையைக் கசக்கிப் பிடித்திருந்தது. அதை அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவரும் அந்த வீட்டு ஆள்தானே.

"என்னோட சரக்குதான்" என்றார். "மத்தின்னா எனக்கு உயிர்."

மத்தி வாடையே அவருக்கு ஆகாது. அது எனக்கும் தங்கைக்கும் தெரியும்.

"எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" தலைவர் விடுவதாக இல்லை.

"வாங்கினவன் விக்கலாம் இல்ல? கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தெருப்பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார். அப்புறம் வந்த ஒலியை நான் எப்படிச் சொல்ல. ஆலையில் அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே "தண்ணி ஊத்து, மாவு பத்தல" என்று இரவெல்லாம் சொல்லிச் சொல்லி முற்றிய குரல் அது. வீட்டில் தூங்குகிறவருக்கு அந்தக் குரலை எடுக்க என்றைக்கும் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. 'மத்தி' என்றார். தெருவின் சன்னல்கள் எல்லாம் திறந்தன. சில கண்ணாடிகள் திறக்காமலே வழிவிட்டன. குண்டானும் சட்டியுமாகச் சனம் இறங்கி வந்தது. எதற்கு வந்தோம் என்று தெரியாமலே பலர் வாங்கினார்கள். சின்னச் சங்கு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டான். மத்தி மலை கரைந்து தரை தெரிந்தது.

என் தங்கை அவர் முன்னால் போய் நின்றாள்.

"இத்தனை வருஷமா உங்களுக்காகத் தும்மலைக்கூட முழுங்கிட்டு இருக்கேன். இந்தத் தொண்டையை எங்கங்க வச்சிருந்தீங்க?"

"யாரு முழுங்கச் சொன்னது?" மாப்பிள்ளை உண்மையாகவே திகைத்தார். "சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வராதே. நீங்க எல்லாரும் கால் நுனியில நடக்கிறதைக் கேட்டா ஏதோ சதி நடக்கிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிட்டுப் படுத்துக் கிடப்பேன்."

"அன்னிக்குத் தட்டு விழுந்ததுக்கு எழுந்து உட்கார்ந்தீங்களே?"

"தட்டுக்கு இல்லடி. அப்புறம் நீ மூச்சைப் பிடிச்சியே, அந்த அமைதிக்கு."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் இவ்வளவு சிரமப்படுறீங்க. தூங்கலைன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?"

என் தங்கை வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, தும்மல் வந்தது. ஒன்று இல்லை, சேர்த்து வைத்தது மொத்தமும். கடைசித் தும்மல் அடங்குவதற்குள் பனிக்கட்டி பாதி உருகிவிட்டது என்று உடைப்பவன் இன்றைக்கும் சொல்வான்.

தலைவர் பொறுமையாகக் காத்திருந்து, வேலை பஞ்சுவுக்கே என்று சொன்னார். திரும்பாத சரக்கு, குறையாத கணக்கு, இதற்கு மேல் என்ன வேண்டும். சரக்கு வேறு வந்துகொண்டிருக்கிறது, இப்போதே ஆரம்பி என்றார். படகுகள் மோட்டாரைப் போட்டன. சம்மட்டி பனிக்கட்டியில் இறங்கியது. சந்தை பழையபடி இரைய ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். பெட்டிக்குப் பக்கத்தில் காலிச் சாக்குகள் மேல், மாவும் செதிலுமாகச் சுருண்டு படுத்து, பல வருஷக் கடனை அடைப்பவர் போலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

என் தங்கை பழக்கத்தில் விரலை உதட்டில் வைத்து, மொத்தச் சந்தையையும் அடங்கச் சொன்னாள். பஞ்சு அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"நண்டு! ஒரு தரம்!"

என் தராசின் தட்டுகள் இரண்டும் குதித்தன. அப்பனுக்குத் தப்பாத குரல். மாப்பிள்ளை முகம் மலர்ந்து ஒருக்களித்துப் படுத்தார்.

"இரண்டு தரம்!"

அவர் குறட்டை விட ஆரம்பித்தார். குறட்டை விட்டுக்கொண்டே, கனவில் எதைக் கண்டாரோ, கை மெல்ல மேலே எழுந்தது. விரல்கள் மடங்கத் தொடங்குமுன் என் தங்கை கூடைகளைத் தாண்டிப் பாய்ந்து, அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.